எட்டு மூலைக்கும் தண்ணீர்

இன்சீன், ரங்கூன்
6.10.2024

என் துப்பாக்கி வீரன் தம்பி கார்த்திகேசனுக்கு,

அக்கா அம்சவேணி, விற்கிற மொஹிங்கா மீன்குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். போனில் பேசினால் உன் மகள் சூசூ உன் பக்கத்திலேயே நின்று கேட்கிறாள். அதனால் என் நாலாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். சிரிக்காதே.

முதலில் நன்றி. நீ அனுப்பிய மருந்தால்தான் சந்தைக்கு நடந்தே போகிறேன்.

இனி திட்டு. உன் கடையில் திருடன் புகுந்தான், நீ துப்பாக்கி வாங்கினாய். தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அது கட்டில் பக்கத்து டிராயரில் பூட்டில்லாமல் கிடக்கிறது என்று உன் பெண்டாட்டி ரேவதி அழுகிறாள். சூசூவுக்கு ஐந்து வயது. போன வருஷம் இங்கே வந்தபோது நான் எங்கே ஒளித்தாலும் பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்தவள். பூட்டி வையடா.

அங்கே அமெரிக்காவில் ஓட்டு வருகிறதாமே, யாருக்குப் போடுகிறாய்?

அம்சவேணி


இந்தியானா
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றியும் திட்டும் ஒரே தாளில் வைக்க உன்னால்தான் முடியும். திருடன் வந்து நிற்கும்போது சாவியைத் தேட முடியுமா, சொல்.

ஓட்டு விஷயம் இது. எங்கள் துப்பாக்கி கிளப்பில் பலர் ஒரே கேள்விதான் கேட்போம், எங்கள் துப்பாக்கியில் கை வைப்பாயா மாட்டாயா என்று. அதற்குப் பிறகுதான் கட்சி. இந்தத் தடவை நான் எப்போதும் போடுகிற கட்சிக்காரர் கிளப்புக்கு வந்து, கேள்வியை விட்டுவிட்டு ரோட்டைப் பற்றிப் பேசினார். எதிர்க்கட்சியில் நிற்கிற அம்மாவும் வந்தார், மான் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கியைப் பறிக்கும் சட்டத்துக்குக் கை தூக்கமாட்டேன் என்று நேராகச் சொன்னார். கட்சி மாறி அவருக்கே போடப்போகிறேன். பாதிக் கிளப் என்னைத் துரோகி என்கிறது.

கிளம்பும்போது அவரும் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்களில் எத்தனை பேர் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" நான் கை தூக்கவில்லை. இன்னும் பூட்டவும் இல்லை. யோசிக்கிறேன்.

கார்த்தி


இன்சீன்
27.10.2024

யோசிக்கிற தம்பிக்கு,

நான் சொன்னால் தொணதொணப்பு, மான் வேட்டை அம்மா சொன்னால் யோசனையா? இருக்கட்டும். யார் வாயால் வந்தால் என்ன.

அந்த அம்மா ஜெயிக்கட்டும் என்று ரயிலேறி சூலே பயா புத்தர் கோயிலுக்குப் போனேன். பிறந்த கிழமைக்குரிய மூலையில், அந்தக் கிழமையின் மிருகத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், உனக்குத் தெரியும். அவர் என்ன கிழமை பிறந்தாரோ, யாருக்குத் தெரியும். புதனுக்கு மட்டும் இரண்டு மூலை, ஆக எட்டு மூலைக்கும் ஊற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற பர்மாக்காரி, உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டாள். சிங்கத்துக்கு மட்டும் கூட ஒரு கப். அது செவ்வாய்க்கிழமை, சூசூ பிறந்த கிழமை.

துப்பாக்கியை வைத்துப் பூட்டப் பெட்டி வாங்கினாயா?

அம்சவேணி


இந்தியானா
10.11.2024

அக்கா,

அந்த அம்மா தோற்றுவிட்டார். என் பழைய கட்சிக்காரர் ஜெயித்தார். எட்டு மூலைக்கும் ஊற்றினாயே, ஜெயித்தவர் கிழமைக்கும் சேர்த்துத்தானே ஊற்றினாய்?

இன்னொன்று. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். டிராயர் திறந்திருந்தது. துப்பாக்கி மேல் சூசூவின் பொம்மைக்குப் போடுகிற துணி, போர்வை மாதிரி விரித்திருந்தது. தூங்கட்டும் என்று போர்த்தினாளாம்.

ஒன்றும் ஆகவில்லை அக்கா. ஆனால் வந்த காலோடு திரும்பக் காரை எடுத்தேன். அன்றைக்கே இரும்புப் பெட்டி வாங்கினேன். விரலை வைத்தால் திறக்கும், சாவி வேண்டாம். துப்பாக்கி என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஓட்டிலும் அதே கேள்விதான் கேட்பேன். அந்த அம்மா கேட்டதையும் சேர்த்துக் கேட்பேன்.

நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.

கார்த்தி


இன்சீன்
17.11.2024

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வாங்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மொஹிங்கா அடிபிடித்தது. இன்றைக்கு எல்லோருக்கும் கருகல் வாசனைதான், ஒருத்தரும் குறை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

தோற்ற அம்மாவுக்கு நாலு வரி எழுது. ரங்கூனில் மொஹிங்கா விற்கிற ஒருத்தி கை கூப்பினாள் என்று சொல். ஜெயித்தவருக்குப் போன தண்ணீரும் போகட்டும், வீணில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? நான் அன்றைக்குப் போனது சிங்கத்துக்கு ஊற்றத்தான். மற்ற ஏழும் சுற்றி வருகிற வழியில் இருந்தன.

பொம்மைக்குப் புதுத் துணி தைத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
அம்சவேணி