கோகுல் அறைச் சுவர்

ஆனந்தி,

சாவி பக்கத்து ஞானம்மா வீட்டில். ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிடு.

நம் கோகுல் இருமி இருமியே கண்மூடிய அறையில் சுவர் ஈரத்தை மறைத்து ஜிப்சம் போர்டு அடிக்க, ஆசாரி நல்லையா பத்து மணிக்கு வருவார். "புளியமரத்துல பேயை அறையிற மாதிரி என் பிள்ளையையும் ஆணியடிச்சு நிறுத்தப் போறீங்களா?" என்று நேற்று அழுதாய்; சுவருக்குள் அவன் இருமுவது கேட்கிறது என்றாய். ஓதமேறிய செங்கலுக்கு இருமத் தெரியாதுடி என்று சிரித்தேன். பூண்டு மண்டியில் விலை பேசியே வளர்ந்த வாய் எனக்கு, எதையும் மட்டமாகத்தான் மதிக்கும்.

நல்லையாவிடம் பேசி முடித்துவிட்டேன். ஆணியே கூடாது, ஸ்க்ரூதான். கட்டிலோரச் சுவரைத் தொடவும் வேண்டாம். அது செங்கலாகவே கிடக்கட்டும்.

கந்தவேல்

பி.கு: இன்று வெள்ளனே எனக்கும் இருமல் கேட்டது. சுவரில் கை வைத்து, "ஏலே, சுடுதண்ணி வேணுமா?" என்றேன். நின்றுவிட்டது. கட்டிலடியில் ஒரு தம்ளர் வைத்திருக்கிறேன். ஆறிப்போனால் மாற்றி வை.