ரோஜாப்பூவுக்குப் பின்னால்

1988 பிப்ரவரி, வியாழக்கிழமை

நைனார்பாளையத்துக்காரர் இன்று மறுபடி என் வீடியோ கடைக்கு வந்தார். இடஒதுக்கீட்டு மறியலில் மரம் வெட்டிப் போட்டதாக அவர் மகனைப் போலீஸ் தேடியபோது, மகளின் கல்யாண கேசட்டில் "எம்புள்ள எங்கியும் தெரியக் கூடாதுங்க" என்று கேட்டவர். அவன் வந்த காட்சிகளை முடிந்த இடத்தில் வெட்டினேன். ஓரமாக நின்றவனை வெளிச்சம் குறைத்து இருட்டில் தள்ளினேன். தாலி கட்டும்போது மட்டும் முகத்தின்மேல் ஒரு ரோஜாப்பூவை ஒட்டினேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்வராயன் மலையில் ஒளிந்திருந்த மகன் காய்ச்சலில் செத்துப்போய்விட்டானாம்.

"பயந்துகினு வூட்டுல இருந்த போட்டோவெல்லாம் கொளுத்திட்டோம். அந்தப் பூவ மட்டும் எடுத்துடுங்க. அவங்கம்மா ஒருதரம் பாக்கணுங்க" என்றார்.

பூ ஒட்டுவதற்கு முன், கேமராவில் எடுத்த மூல கேசட்டில் அடுத்த வாரமே வேறொரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டேன். பூவுக்குப் பின்னால் இப்போது முகம் இல்லை.

அதைச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.