ஏற்றத்தில் அணையும் லாரி

ஜனவரி 7, ஞாயிறு

பெரிய பாலம் வெள்ளத்தில் போன வருஷம், லாரிக்காரர்கள் நாற்பது நாள் ஸ்டிரைக் செய்த வருஷம், என் மகள் பிறந்த வருஷம் மூன்றும் ஒன்றுதான். அந்த வருஷம் மலை ஏற்றத்தில் கோந்துவின் லாரி கொதித்து நின்றது. முன்னால் போகிற வண்டியோடு ஒட்டிக்கொண்டே வருவான், அதனால் அவன் கோந்து. கை காட்டினான். நான் நிற்காமல் போனேன். பிரசவச் சேதி வந்திருந்தது, அதான். அவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டதெல்லாம் பிறகு தெரிந்தது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இப்போது எனக்கு முட்டி போய்விட்டது. மகள் ஸ்டியரிங்கோடு கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு கோந்து அவன் வீட்டில், நான் என் வீட்டில், திரையில் லாரி ஓட்டுகிறோம். காதில் மாட்டிக்கொண்டு பேச்சு வேறு. மூன்று வாரமாக, மலை ஏற்றம் வந்ததும் என் திரையில் படம் விக்கி விக்கி, பட்டென்று இருட்டு.

இன்றும் உடனே கோந்துவிடமிருந்து போன். “ஏன்டா, மறுபடியும் மேட்டுல விட்டுட்டு ஓடிட்டியா?”

சிரித்தான். சிரிப்பா அது?

ஜனவரி 9

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. இது எழுதுகிறதே, அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன கேடு?

மாப்பிள்ளை இன்டர்நெட்தான் காரணம் என்றார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ‘தெரியாது’ என்ற ஒரு வார்த்தை தவிர மற்ற எல்லாம் தெரியும். புது வயர் இழுத்தாயிற்று.

ஜனவரி 14, ஞாயிறு

ஏற்றம். இருட்டு.

பெட்டியின் மேல் கை வைத்தேன். பானெட் மாதிரி சுட்டது.

“மாப்ள, இது சூட்டுல நிக்குது.”

“மாமா, இது லாரி இல்ல.”

லாரி இல்லையாம்! உள்ளே ஃபேன் எதற்குச் சுற்றுகிறது? காற்று வாங்கவா?

ஜனவரி 16

ஒருவழியாக மாப்பிள்ளை ரிப்பேர் கடைக்குப் போன் செய்தார். பிராசஸர் என்று ஒன்று, பிஸ்கட் அளவுதான், கேமின் கணக்கு முழுக்க அதுதான் போடுகிறதாம். மலை, மழை, மரம் என்று படம் கூடக்கூட அதற்கு வேலையும் கூடும், சூடும் கூடும். ஏற்றம் வருவதற்குள் அரை மணி ஓடிவிடுகிறது, அதற்குமேல் தாங்குவதில்லை. சூட்டை இழுக்க மேலே ஒரு உலோகக் கட்டை, அதன்மேல் ஃபேன். “நடுவுல பேஸ்ட் காஞ்சிருக்கும். தொடச்சிட்டு புது பேஸ்ட் போட்டு மாட்டுங்க” என்று சொன்னார்கள்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தார், துடைத்தார், எழுந்து குளியலறைக்குப் போனார்.

“எந்தப் பேஸ்ட் மாப்ள?”

“பேஸ்ட்னா பேஸ்ட்தான் மாமா.”

கூடமெல்லாம் புதினா வாசனை.

ஜனவரி 18

இரண்டு நாளாக ஓட்டிப் பார்க்கிறேன், நிற்கவில்லை. மாப்பிள்ளை முகத்தில் வழிகிற பெருமையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று ஏற்றம்வரைகூடப் போகவில்லை. அடிவாரத்திலேயே அணைந்தது.

கோந்து போன் செய்தான். சிரிக்கவில்லை. “பரவால்ல விடு. அன்னிக்கும் உன் அவசரம் உனக்கு.”

ஐம்பது வருஷம் கழித்து வாயைத் திறந்திருக்கிறான்! நான் பேசுவதற்குள் வைத்துவிட்டான். நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

சூடு சூடுன்னு தொண்டை கிழியக் கத்துனேனே, ஒரு மனுஷன் காதுல வாங்குனானா இந்த வீட்டுல?

ஜனவரி 23

ரிப்பேர் கடையிலிருந்து ஒரு பெண் வந்தது. ஃபேனைக் கழற்றியது, முகர்ந்தது.

“யாரு இதுக்குப் பல்லு வெளக்கி விட்டது?”

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கதானே பேஸ்ட்னு சொன்னீங்க?” என்றார் மாப்பிள்ளை.

“சார், அது ஊசில அடைச்சு சாம்பல் கலர்ல வரும். பிரஷ்ஷுல வைக்கிறதுன்னு நான் எப்ப சொன்னேன்?”

பிறகு எனக்கு நிதானமாகச் சொன்னது. கட்டையும் பிராசஸரும் ஒட்டினாற்போல் தெரிந்தாலும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதில் காற்று நின்றால் சூடு கட்டைக்கு ஏறாது. அதை அடைக்கத்தான் அந்தப் பேஸ்ட். பல் பேஸ்ட் ஈரமாக இருந்தவரை ஓடியது, காய்ந்து வெடித்ததும் பழைய கதை.

“அணைஞ்சதும் நல்லதுக்குத்தான் தாத்தா. அணையலைன்னா வெந்தே போயிருக்கும்.”

ஃபேனில் அடைந்திருந்த தூசி ஒரு கைப்பிடி. அதையும் ஊதிவிட்டு, சாம்பல் பேஸ்ட் போட்டு மாட்டிவிட்டுப் போனது.

ஜனவரி 24

இன்று போனைக் கோந்துவின் மருமகள் எடுத்தது. “மாமா பேச மாட்டேங்கிறார் ஐயா. இனிமே லாரியே வேணாங்கிறார்.”

“ஒண்ணு மட்டும் சொல்லும்மா. அன்னிக்கு எனக்கு மகள் பிறந்த சேதி வந்துச்சு, அதான் நிக்கலைன்னு.”

“அப்படியா! வாழ்த்துகள் ஐயா!” என்று வைத்துவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஒன்பது மணி. திரையில் என் லாரி மட்டும். ஒன்பதேகாலுக்கு அவன் லாரி பின்னால் வந்து ஒட்டியது.

ஏற்றம் வந்தது. படம் விக்கவில்லை. பெட்டியைத் தொட்டேன், வெதுவெதுப்புதான். பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம். கீழே ஓரங்கட்டியிருந்தான். பின்னாலேயே வண்டியை இறக்கி அவன் பக்கத்தில் நிறுத்தினேன்.

“ஏன்டா நின்னுட்ட?”

“மூச்சு வாங்குது. நீ போ.”

“போகல.”

காதில் அவன் இளைப்பு கேட்டது. பிறகு, “பொண்ணு எப்படிடா இருக்கா?” என்றான்.

“நல்லா இருக்கா. ஐம்பது வயசாச்சு.”

அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றோம். பல் பேஸ்ட் கதையைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு எங்கள் லாரிக் கம்பெனி ஆட்களைப் பட்டப்பெயர் சொல்லி எண்ணினோம். என்னைச் சேர்த்துப் பதினோரு டிரைவர்கள். நொண்டி போன வருஷம் போனான், ரேடியோ அதற்கு முன்னால். வெற்றிலை, வாத்தியார், அண்ணன் தம்பி இரண்டு பேர், இன்னும் மூன்று பேர், எல்லாரும் போயாயிற்று. என்னை விட்டால் இன்று உயிரோடு இருப்பவன் கோந்து.