செந்தாமரை டீச்சரின் சாக்பீஸ்

கற்பக விநாயகர் துணை

நேமத்தான்பட்டி,
1.8.2025

அன்புள்ள அனிதாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

தினம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறவளுக்குத் தபால் எதற்கு என்று சிரிப்பாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன் லேகா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். நேரில் வந்தாலோ நீ தலைமையாசிரியை, நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. கூட்டத்தில் கொடுக்கிற மிக்சரைக் கொறித்துவிட்டு வந்துவிடுகிறேன். தபால் என்றால்தான் ஆபீஸ் கடிதமோ என்று பயந்து கடைசி வரி வரை படிப்பாய்.

நேற்றைய கூட்டத்தில் நீ நீட்டிய தீர்மானத் தாளில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொன்னது பொய். பையில்தான் இருந்தது. பிள்ளையார் மன்னிப்பார்.

'பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை செந்தாமரைக்குத் திறமை போதவில்லை. அவரை மாற்றி வேறு ஆசிரியரைத் தருமாறு பெற்றோர் கேட்கிறோம்' என்று எழுதியிருக்கிறாய். பெற்றோர் எங்கே கேட்டோம்? நீ கேட்கிறாய், எங்கள் வாயால்.

கூட்டத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பு வராந்தாவில்தான் நின்றிருந்தேன். என் கடைக்குட்டி படிக்கிற வகுப்பு, எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? செந்தாமரை டீச்சர் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன தப்பு செய்தாளோ எனக்குத் தெரியாது. நீ விறுவிறுவென்று உள்ளே போனாய். "தள்ளுங்க டீச்சர்" என்றாய். அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாய். பிறகு நீ நடத்தினாயே, அப்படி ஒரு பாடத்தை நான் கேட்டதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நீ உள்ளே நுழையும்போதே முதல் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நீங்க உக்காருங்க, பெரிய டீச்சர் வந்துட்டாக, அவுக போட்டுருவாக" என்றாள். வகுப்பே சிரித்தது. செந்தாமரை ஜன்னலோரம் போய் நின்று விரலில் இருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உனக்கு முதுகுப் பக்கம்; நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இதற்குப் பதில் எழுது. கட்டைவிரல் வேண்டாம்.

உன்,
சந்திரலேகா

*

மாதா துணை

காரைக்குடி,
6.8.2025

பிரியமுள்ள லேகாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது.

போர்டில் தப்பான கணக்கு நிற்கும்போது நான் வெளியே நின்று ஜெபமாலை சொல்லவா? அவள் கழித்தல் குறியை விட்டுவிட்டாள். அதைப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளும். அதையே பரீட்சையிலும் எழுதும். போன வருஷம் கணக்கில் தோற்ற சேவுகன் மகளை உனக்குத் தெரியாதா? திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குப் போய்விட்டாள். துணைத்தேர்வு எழுத வையுங்கள் என்று அவள் வீட்டு வாசலில் நின்று கெஞ்சியது நான்தான், செந்தாமரை இல்லை.

அவளுக்குச் சொல்லாமலா இருக்கிறேன்? பயிற்சிக்கு அனுப்பினேன். பாடக் குறிப்பைத் திருத்திக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்". அடுத்த நாள் போனால் அதே தடுமாற்றம். எனக்கு மட்டும் ஓடி ஓடி எல்லா வகுப்பையும் எடுக்க ஆசையா? இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறேன். கால் வீங்கிப்போகிறது. நான் போகாத நாளில் இந்தப் பள்ளிக்கூடம் நடப்பதில்லை, லேகா.

அப்புறம் ஒன்று. கையில் இருப்பதைப் பிடுங்குவதைப் பற்றி நீயா பேசுவது? உன் கொழுந்தன் மனைவி சோணையம்மாள் உங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஒரு சதுர்த்திக்காவது அவளைக் கொழுக்கட்டை பிடிக்க விட்டிருக்கிறாயா? "விடுடி, நீ மடிச்சா வாயப் பொளந்துக்கும்" என்று மாவை வாங்கிவிடுவாய். நானே பார்த்திருக்கிறேன். அவள் இன்றுவரை கையைக் கழுவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து தேங்காய் துருவுகிறாள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. பிள்ளைகள் வருஷம் வீணாகிறது.

அன்புடன்,
அனிதா

*

கற்பக விநாயகர் துணை

நேமத்தான்பட்டி,
13.8.2025

அன்புள்ள அனிதாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சோறு இறங்கவில்லை. சமையலறைக்குள் வந்து அடித்துவிட்டாயே, அதுதான்.

நேற்று சங்கடஹர சதுர்த்தி. விடிந்ததும் மாவைக் கிண்டி இறக்கிச் சோணையம்மாள் முன்னால் வைத்து, "நீயே பிடி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னக்கா, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்கிறாள்! என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து, "டாக்டரக் கூப்பிடவா?" என்கிறார். எல்லோருக்கும் என்ன சிரிப்பு!

முதல் ஈடு முழுக்க வாய் பிளந்துகொண்டது. பூரணம் தட்டில் வழிந்து ஒட்டியது. எனக்குக் கை பரபரத்தது பார், புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சாமிக்கு இதையா வைக்கிறது?" என்று வாய் வரை வந்ததை முழுங்கினேன். ஆனால் இரண்டாவது ஈட்டுக்கு அவளாகவே கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டாள். அவளாகவே பூரணத்தைக் குறைத்தாள். பாதி மூடிக்கொண்டது. பாதி போதாதா, முதல் தடவைக்கு?

அதைத்தான் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போனோம். பிள்ளையார் முகம் சுளிக்கவில்லை. வழி நெடுகச் சுளித்தது நான்தான்.

நான் செய்துவிட்டேன். இனி உன் முறை. காலாண்டுத் தேர்வு முடியும்வரை அவள் வகுப்புக்குள் கால் வைக்காதே. சாக்பீஸ் அவள் கையிலேயே இருக்கட்டும். அதற்கப்புறமும் அவளால் முடியவில்லை என்றால், என் மகள் படிப்பு எனக்கும் முக்கியம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை உன் தாள் என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

உன்,
லேகா

*

மாதா துணை

காரைக்குடி,
4.9.2025

அன்புள்ள லேகாவுக்கு,

உன் பேச்சைக் கேட்டதற்கு எனக்கு நன்றாக வேண்டும்.

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் வகுப்பு நேரத்தில் ஆய்வகத்துக்குள் போய்ச் சோதனைக் குழாய்களைத் துடைத்தேன். அங்கேயும் சத்தம் கேட்டது. ஒரு நாள் பிள்ளைகள், "டீச்சர், விடை தப்பு" என்று கத்துகிறார்கள். இன்னொரு கூட்டம், "சரிதான்டா" என்று கத்துகிறது. பக்கத்து வகுப்பு முத்தழகு சார் வந்து, "சந்தக்கடையா இருக்கு மேடம், கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேற்று முடியவில்லை. வாசலோடு போகிறேன், மறுபடியும் கழித்தல் குறியை விட்டுவிட்டாள். உள்ளே போனேன். சத்தியமாகச் சாக்பீஸைத் தொடவில்லை. "ஒரே ஒரு வரி சொல்லிக்கிறேன் டீச்சர்" என்றுதான் ஆரம்பித்தேன். அவள் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் என் மேசையில் இரண்டு தாள். ஒன்று மாறுதல் கேட்டு, இன்னொன்று மருத்துவ விடுப்பு. பொதுத்தேர்வு வகுப்பை நடுவில் விட்டுவிட்டு! அவள் விடுப்பில் போனால் கணக்கை யார் எடுப்பது? நான்தான். அப்படியானால் ஆரம்பத்திலேயே நான் எடுத்தது என்ன குற்றம்?

நாளைக்கு ஆசிரியர் தினம். பிள்ளைகள் எனக்குப் பூங்கொத்தும் கேக்கும் வாங்கிவைத்திருக்கிறார்களாம். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

பீரோவைத் திற. கையெழுத்தைப் போடு.

அனிதா

*

கற்பக விநாயகர் துணை

நேமத்தான்பட்டி,
8.9.2025

அன்புள்ள அனிதாவுக்கு,

இன்று மாதா பிறந்தநாள். உனக்கு வாழ்த்து. இதற்கு மேல் எழுதப்போவதெல்லாம் கோபம்.

சனிக்கிழமை ஜவுளி எடுக்கக் காரைக்குடி வந்தேன். பஸ் ஸ்டாண்டில் செந்தாமரை சிங்கம்புணரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நான்தான் பேச்சுக் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை அந்தப் பெண். "மேடம் மாதிரி நடத்த ஆளே கிடையாதுக்கா" என்கிறாள். அப்புறம் சொன்னாள்:

"நான் தப்பு போடுறேன்தான்க்கா. வராந்தாவுல அவுக செருப்புச் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. நடுங்குற கை தப்புத்தானே போடும்? சத்தம் கேக்காத அந்த ரெண்டு வாரத்துல தப்பு போட்டா நானே அழிச்சு எழுதிக்கிட்டேன். பிள்ளைகளும் சண்டை போட்டுச்சுக, நல்லா இருந்துச்சு. அன்னைக்கு அழிக்கிறதுக்குள்ள வந்துட்டாக."

அனிதா, நீ சந்தைக்கடை என்று எழுதினாயே, அது அவளுக்கு நல்ல வகுப்பு. என் மகளைக் கேட்டேன். "அந்த ரெண்டு வாரந்தான்மா கணக்கு புரிஞ்சுச்சு, தப்பு எங்க இருக்குன்னு நாங்களே தேடுனோம்" என்கிறாள்.

அவளுக்குச் சொல்வதைச் சொல்லு. சொல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லு. இத்தனை வருஷத்தில் நீ பாடம் நடத்தும்போது யாராவது உள்ளே வந்து உன் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறார்களா?

தாளை இத்துடன் அனுப்பிவிட்டேன். கையெழுத்து இல்லை, போடவும் மாட்டேன். வேண்டுமானால் வேறு தலைவியைத் தேடிக்கொள். நம் பழக்கம் இதோடு போனால் போகட்டும் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை.

சந்திரலேகா

*

மாதா துணை

காரைக்குடி,
9.10.2025

என் லேகாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம் அடங்க அவ்வளவு நாளாயிற்று. இன்னும் முழுசாக அடங்கவில்லை.

உன் கேள்வி என்னை விடவில்லை. கடைசியில் செந்தாமரையைக் கூப்பிட்டு, "விடுப்பில் போவதற்கு முன்னால் என் ஒன்பதாம் வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள். எனக்கு என்ன குறை என்று சொல்லிவிட்டுப் போங்கள்" என்றேன். வந்தாள். அவள் அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க எனக்கு நாக்கு உலர்ந்தது. எத்தனையோ அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு நாளும் அப்படி உலர்ந்ததில்லை.

பிள்ளைகள் போனபின் கேட்டேன். முதலில், "நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள். விடவில்லை நான். அப்புறம்தான், "நீங்க கேள்வி கேட்டுட்டு நீங்களே பதிலையும் சொல்லிர்றீக மேடம். பிள்ளைக வாயத் திறக்க எடமே இல்ல" என்றாள்.

எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? எனக்கா சொல்கிறாள்! மறுநாள் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை, லேகா. மூன்றாவது நாள் கொஞ்சம் முடிந்தது.

மருத்துவ விடுப்புத் தாளை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள். மாறுதல் மனுவை வாங்கவில்லை. மே மாதம் பார்க்கலாம் மேடம் என்கிறாள். எனக்கு வருத்தம்தான், ஆனால் கேட்க எனக்கு வாய் இல்லை. இப்போது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் உட்காருகிறோம். நான் அவளுக்குச் சொல்கிறேன், அவள் எனக்குச் சொல்கிறாள். என்னை விட அவள்தான் அதிகம் சொல்கிறாள் என்பது வேறு எரிச்சல்.

இன்று வராந்தாவில் போனேன், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. உள்ளே அதே கழித்தல் குறி. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் மகள்தான் எழுந்து, "டீச்சர், மைனஸ்!" என்றாள். செந்தாமரை திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், அழித்தாள், எழுதினாள். நான் தலைமையாசிரியை, செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நடந்து வந்தேன். முத்தழகு சார் பார்த்துவிட்டார். என்ன நினைத்தாரோ.

நாளைக்குச் சதுர்த்தி; தபால் அதற்குள் வராது, இதை உன் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சோணையம்மாள் பிடித்ததில் வாய் பிளந்தது இருந்தால் எனக்கு இரண்டு எடுத்துவை. சாயங்காலம் வருகிறேன். போனில் இல்லை, நேரில்.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். நீ கையெழுத்துப் போடாமல் அனுப்பிய தீர்மானம்தான். பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

உன்,
அனிதா