பேட்டரித் தண்ணி

அண்ணே,

இன்று காலை புக்கிட் செந்தோசா கார் சாமான் கடையில் பேட்டரித் தண்ணி ஒரு பாட்டில் வாங்கினேன். "காருக்கா?" என்றார் கடைக்காரர். லேப்டாப்புக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ இருந்திருந்தால் அவரை நிற்கவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தியிருப்பாய்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும்போதெல்லாம் என் லேப்டாப் தோசைக்கல்லாகக் காய்ந்து பாதியில் அணைந்துவிடும். புதிது வாங்கலாம் என்றதற்கு உனக்குக் கோபம் வந்தது. "ஏர்கான் செய்றவன் அண்ணனா இருக்கேன், உனக்குச் சூடா?" அதன் அடியைத் திறந்து, வேலையில் மிஞ்சிய மெல்லிய செம்புக் குழாயை உள்ளே பற்றவைத்தாய். மீன் தொட்டி பம்ப் ஒன்று, பழைய மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டர் ஒன்று. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய், ஆறித் திரும்பி வந்தது.

"கோலா குபுவுல எனக்கும் இதத்தானே செய்றாங்க. ரத்தம் வெளிய போயி சுத்தமாகி வருது." டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டே யோசித்த யோசனையாம். ஒரு நாளைக்கு இரண்டு கப் தண்ணீர்தான் உனக்கு அனுமதி. பைப் தண்ணீர் குழாயை அடைத்துவிடும் என்று, உப்பில்லாத பேட்டரித் தண்ணியை ஒரு பாட்டில் முழுக்க ஊற்றிவிட்டு, "கொடுத்து வச்ச லேப்டாப் லா," என்றாய். நானும் சிரித்தேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. குழாய் இணைப்பில் தண்ணீர் ஒழுகி, லேப்டாப் அணைந்து அணைந்து விழுந்தது. மாலை விருந்தில் போடவேண்டிய வீடியோ. கல்யாணப் பெண்ணின் அப்பா மூன்று முறை அழைத்துவிட்டார். நான் உன்னை அழைத்தேன். கலும்பாங்கிலிருந்து டயாலிசிஸுக்குக் கிளம்பியவன், கோலா குபு முனையில் திரும்பாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாய். வேலை முடிகையில் மணி நான்கு. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "டயாலிசிஸ நாளைக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டுக்கிறேன். ஒரு நாள்தானே." வெறுங்காலோடு மோட்டாரில் ஏறிப் போனாய்.

வீடியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடிவதற்குள் உனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

இப்போது பச்சை படிந்த பழைய தண்ணீரை வடித்துப் புதியதை ஊற்றிவிட்டேன். நீ பற்றவைத்த இடம் இன்னும் ஒழுகவில்லை. அண்ணியிடமும் அம்மாவிடமும், அன்று செவ்வாய் என்பதே எனக்கு நினைவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர்களும் நம்பி என்னைத் தேற்றினார்கள். உன் செவ்வாய், வியாழன், சனி எனக்கு மனப்பாடம். உன் நம்பரை அழுத்தும்போதே தெரியும், அண்ணே.