தொண்டை போன பின்னும் சந்தைக்குப் போன அண்ணனுக்கு

அண்ணே,

மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் சில நாளைக்கு எனக்கு எந்த வாடையும் ஆவதில்லை. தாளிக்கிற வாடை, சோப்பு வாடை, கடையில் புதுத்துணியைப் பிரித்தால் வருகிற கஞ்சி வாடை, எதுவானாலும் குமட்டிக்கொண்டு வரும். போன வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து திரும்பும்போது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால் எங்கள் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ. மறுநாள் சந்தைக்குப் போகிற வெள்ளாடுகள் அதில் நெருக்கியடித்து நின்றன. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் மகள் பதறிப்போய் ஒரு பையை விரித்து என் வாய்க்கு நேரே பிடித்தாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அந்த வாடையை நன்றாக உள்ளே இழுத்தேன். நீ சந்தை முடிந்து என் கடைக்கு வந்து உட்கார்ந்தால் உன் சட்டையிலிருந்து வருகிற வாடை அது.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. உனக்கு வந்தது இப்போது எனக்கும் வந்திருக்கிறது. உனக்குத் தொண்டையில் வந்தது, எனக்கு மார்பில். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். முடியும் போய்விட்டது. அழுவதற்காக இதை எழுதவில்லை. உன் முன்னால் யாராவது அழுதால் நீ என்ன செய்வாய் என்பது எனக்கு மறக்கவில்லை.

நம் அய்யா ஆடு மேய்த்தார். நீ ஆட்டுக்குப் பின்னால் போக மாட்டேன் என்று சொல்லிச் சந்தையில் தரகனாக நின்றாய். அந்தத் தொழிலுக்கு உன் கைமுதல் உன் தொண்டைதான். மேற்கு மூலையில் நீ ஒரு கிடாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிழக்கு மூலை டீக்கடையில் இருக்கிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஏசுவாய், சிரிக்க வைப்பாய், இரண்டு பேரையும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து எதிரெதிரே நிறுத்துவாய். விலையை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. தோளில் கிடக்கிற துண்டைக் கையின்மேல் போட்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவது அங்கே வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

குரல் கம்மியபோது தூசி என்றாய், பனி என்றாய். கரிசல்காட்டுப் புழுதியில் நாள் முழுக்கக் கத்துகிறவனுக்குத் தொண்டை கட்டுவது ஒரு அதிசயமா என்று நாங்களும் இருந்தோம். கட்டு அவிழவே இல்லை. மதுரையில் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். மதினி நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ டாக்டரைப் பார்த்து, "மூச்சு எங்கன வழியா வரும் சார்?" என்று கேட்டாய். அவர் தன் கழுத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார், அங்கே ஒரு துளை இருக்கும் என்றார். "அப்ப சரி. மூச்சு வந்தாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். உன் சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

அந்தத் துளைக்குள் தூசி போகாமலிருக்கக் கழுத்தில் எப்போதும் ஒரு துணி கட்டியிருக்க வேண்டும். நான் தையல்காரி. மெல்லிய வெள்ளைத் துணியில் நாடா வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் மடியிலேயே திருப்பிப் போட்டாய். மறுவாரம் என் கடைக்கு வந்து, ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணி கிடக்கிற மூட்டையைக் கொட்டிக் கிளறி, கிளிப்பச்சையில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று என்று எடுத்து மேசையில் வைத்தாய். அன்றிலிருந்து ஊரில் உன்னைப்போல் கலர் கட்டியவன் கிடையாது.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வருவார்கள். கூடவே இழவு வீட்டு முகத்தையும் கொண்டு வருவார்கள். நம் பெரிய மாமா ஒருநாள் வந்து, உன்னை எதிரே வைத்துக்கொண்டே, "இருக்கும்போது எப்படிச் சிங்கம் மாதிரி இருந்தான்" என்று மதினியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார். நீ எழுந்து போனாய். வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துத் துடைத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். மாமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்படிச் சொன்னால் நீ எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருந்ததுபோல் ஆகிவிடும். அப்படி இல்லை. கழுத்தில் கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்த நாட்களில் எச்சில் விழுங்கக்கூட முடியாமல் கஞ்சித் தம்ளரைச் சுவரில் எறிந்திருக்கிறாய். ஒரு நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் நீயே கண்ணாடி முன்னால் நின்று, துளைக்குள் தண்ணீர் போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, பொறுமையாகச் சவரம் செய்துகொண்டிருந்தாய். அன்றைக்குச் சனிக்கிழமை. சந்தைக்குக் கிளம்பிவிட்டாய்.

துணைக்கு நான் போகவேண்டும் என்று மதினி என்னை அனுப்பினாள். நீ வழக்கமாக நிற்கிற வேப்பமரத்தடியில் போய்த் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாய். எல்லாரும் வந்து கையைப் பிடித்து விசாரித்தார்கள். ஆனால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் வரவில்லை. உனக்கு முன்னால் நின்று பேசிவிட்டு ஆட்டை அடுத்த தரகரிடம் கொண்டு போனார்கள். உன்னிடமே பல வருஷம் ஆடு கொடுத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "வாயத்தவன் கையில குடுத்தா ஆடு வெளங்குமா? ராசின்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். உனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பதை அவர் மறந்துவிட்டார். நான் அவரைப் பார்த்து வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். பிறகு டீ வாங்கிக் கொடுத்தாய். வெயில் ஏறுகிறவரைக்கும் நின்றோம். சும்மா திரும்பினோம். அடுத்த சந்தையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. இனி எதற்கு அண்ணே இந்த அலைச்சல் என்று பஸ்ஸில் நான் கேட்டதற்கு, நீ தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நன்றாக மடித்து மறுபடியும் போட்டுக்கொண்டாய். அதுதான் பதில்.

குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு கிடாய்களோடு வந்த சந்தையை நான் மறக்க மாட்டேன். புருஷனை இழந்தவர், தானே ஆடு வளர்த்துத் தானே விற்க வந்திருந்தார். ஒரு வியாபாரி அவரை மடக்கி வைத்துக்கொண்டு, கிடாய்க்கு நோய் இருக்கிறது, நொண்டுகிறது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக உன்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க பேசி முடிங்க" என்றார். பக்கத்தில் நின்ற தரகர் சிரித்தார். "அவிய எங்கன போயிப் பேசுவாவ?" என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வெலைய யாரு வாயால சொல்லுதா? துண்ட போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிக் கையை நீட்டினார். பெண்கள் துண்டுக்கடியில் கை கொடுக்கிற பழக்கம் அங்கே இல்லை. சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

நீ துண்டைப் போட்டாய். அவர் என்ன விலை எதிர்பார்க்கிறார் என்பதை விரலில் வாங்கிக்கொண்டாய். பிறகு அந்த வியாபாரியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாய். அவர் வேண்டாவெறுப்பாக வந்து கை கொடுத்தார். துண்டு அசைந்தது. அவர் கையை உருவப் பார்த்தார், நீ விடவில்லை. மற்றக் கையால் கிடாயின் முதுகைத் தடவினாய், வாயைத் திறந்து பல்லைக் காட்டினாய், நொண்டுகிறது என்று சொன்ன காலைத் தூக்கித் தரையில் தட்டி வைத்தாய். கிடாய் நன்றாக நின்றது. கூட்டம் சிரித்தது. மறுபடியும் துண்டு அசைந்தது. உன் முகத்தில் பழைய குறும்பு வந்துவிட்டது. கடைசியில் வியாபாரி, "சரி விடும்வே, கைய ஒடிச்சிராதியும்" என்றார். பேரம் முடிந்தது. அந்த அம்மா இரண்டு கயிற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு உன்னைக் கும்பிட்டார். திரும்பி வருகிறபோது பஸ்ஸில் நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். நீ கண்ணைத் துடைத்துக்கொள்ள இடம் கொடுத்து நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாரும் வந்துவிடவில்லை. ராசி பார்த்தவர்கள் கடைசி வரைக்கும் பார்த்தார்கள். நீயும் கடைசி வரைக்கும் போனாய்.

காற்றை விழுங்கி ஏப்பம்போல் வெளியே விட்டு அதையே பேச்சாக்குகிற வித்தையை ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தார். சோடாவாகக் குடித்து, பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டிலில் போய் நின்று பழகினாய். ஆடுகள்தான் முதலில் கேட்டிருக்கும். ஒருநாள் நான் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறேன், கடையில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம்: "ஏட்டி." திரும்பினால் நீ. "டீ குடிச்சியா?" தையல் மிஷினில் தலையை வைத்து அழுதுவிட்டேன். நீ போய் என் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாய்.

நுரையீரலில் மறுபடியும் வந்துவிட்டது என்று தெரிந்தபோதும் அந்தக் குரலில்தான் பேசினாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நோவு இருக்க எடத்துல அது இருக்கட்டும். நான் இருக்க எடத்துல நான் இருக்கேன்" என்பாய். விட்டு விட்டு, மூச்சு வாங்கி, முழுசாகச் சொல்லி முடிப்பாய். யாரும் பாதியில் எடுத்து முடித்து வைத்தால் உனக்குக் கோபம் வரும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போனாய். கழுத்தில் மாம்பழ மஞ்சள் இருந்தது. அதை அவிழ்த்து வெள்ளைத் துணி கட்டவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மதினி விடவில்லை.

இப்போது என் கதை. முடி போன தலையோடு நான் கடையைத் திறந்தபோது, டோப்பா வாங்கி வைத்துக்கொள், வியாபாரம் கெடும் என்றார்கள். வெயிலுக்கு அது புழுங்கும். ஜாக்கெட் துணியில் ஒரு தலைக்கட்டு தைத்துக் கட்டிக்கொண்டேன். புழுக்கமாக இருந்தால் அதையும் அவிழ்த்து வைத்துவிடுவேன். எத்தனையோ வருஷமாக என்னிடம் தைக்கிற ஒரு அக்கா, மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த ஜாக்கெட் துணி கொடுத்திருந்தார். போன மாதம் வந்து, "ஒனக்கு எதுக்கும்மா செரமம், ஒடம்பப் பாத்துக்கோ" என்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார். என் முகத்தைப் பார்க்காமல் துணியை மட்டும் பார்த்துப் பேசினார். அன்றைக்கு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், அண்ணே. உன்னைப்போலத்தான்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்கிற ஒரு பெண், மணியாச்சிக்காரி, என் ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்த பக்கம் தொய்யாமல், தழும்பில் உரசாமல் இருக்கும்படி உள்ளே பஞ்சுப் பை வைத்து எனக்காக நான் வெட்டிய ஜாக்கெட் அது. எனக்கும் ஒன்று தைப்பீர்களா என்று காதோடு கேட்டாள். அங்கேயே அளவெடுத்தேன். அடுத்த முறை அவள் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தாள். இப்போது மருந்துக்குப் போகிறபோதெல்லாம் பையில் அளவு டேப்பும் இருக்கிறது. நர்ஸம்மாவே ஆளைக் காட்டி அனுப்புகிறார்.

பயம் இல்லாமல் இல்லை. அடுத்த ஸ்கேனை நினைத்தால் ஊசிக் காதில் நூல் ஏறமாட்டேன் என்கிறது. ஏறுகிறவரைக்கும் கோக்கிறேன். கல்யாண வேலை இன்னும் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆனால் நேற்று என் சொந்தத் துணியில், அரக்குப் பட்டில் ஜரிகை வைத்து, நான் இதுவரை தைத்ததிலேயே நல்லதாக ஒரு முகூர்த்த ஜாக்கெட் தைத்து முடித்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். ராசி பார்க்கிறவர்கள் அதையும் பார்த்துக்கொண்டு போகட்டும்.