மஸ்கட்டில் ஓடிய நம் வீட்டு டிவி

அன்புள்ள மிருதுளா அப்பாவுக்கு, பொழிச்சலூரிலிருந்து சந்திரிகா எழுதுவது. குழந்தை நலம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போனில் பேசினால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள், நானும் இளகிவிடுவேன். அதனால்தான் லீவு முடிந்து அங்கே வரும் அமலராணி அக்கா வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் தம்பி சக்திவேலோடு சேனல் கம்பெனி ஆட்களும் ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். நம் ஏரியா கேபிள் அவனுடையதுதானே, ஏதோ லைன் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தண்ணீர் கொடுத்தேன். ஒருவர் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து வைத்தார். டிவியில் ஓடிய என் சீரியல் அதிலும் ஓடியது. சேனலை மாத்தும்மா என்றார். மாற்றினேன். கொஞ்சம் பொறுத்து அதிலும் மாறியது. அந்தத் திரையில் ஒரு நம்பர் வந்து போனது. நம் செட்டாப் பாக்ஸைத் திருப்பினால் அடியில் அதே நம்பர். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

போன லீவில் டிவிக்குப் பின்னால் ஒரு கருப்புப் பெட்டியை மாட்டினீர்களே, அதன் வேலையாம் இது. நம் டிவியில் ஓடுவதை அப்படியே இன்டர்நெட்டில் அங்கே அனுப்புமாம். அங்கே தனியா கெடக்கறேன், நீ பாக்கறதை நானும் பாப்பேன், டிவியை அணைக்காதே என்றீர்கள். கிரிக்கெட் அன்றைக்கு சீரியல் வைக்காதே என்றபோதும், பாவம் மனுஷன் என்று விட்டுக்கொடுத்தேன். டிவியில் சிரிப்பு வந்தால் நீங்களும் அங்கே சிரிப்பீர்கள் என்று நானும் சிரித்தேன், பைத்தியக்காரி. மஸ்கட்டில் யாரோ, நம் ஆட்கள் தங்கியிருக்கும் லேபர் கேம்ப் கேம்பாக இதைத் திருட்டுத்தனமாகக் காசுக்கு விற்கிறானாம், ஆள் யாரென்று தெரியவில்லையாம். எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களோடு தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்தேனே, ஊர் பேர் தெரியாத கூட்டமே கூட உட்கார்ந்திருக்கிறது.

பெட்டியை மாட்டியது யார் என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் சக்திவேல், நான்தான் சார் மாட்டினேன், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கேபிள் ரூமுக்கும் பூட்டுப் போட்டாச்சு. தெருவில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை, நான் பால் வாங்கப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். மச்சானை இழுக்காதேக்கா, அவருக்கு வேலை போயிடும் என்கிறான். நமக்கு ஒரு பைசா வாங்காமல் லைன் கொடுத்தவன் அவன். அவன் தலையில் இதைக் கட்ட உங்களுக்கு எப்படி மனசு வரும்? நானே சொல்லியிருப்பேன். உங்கள் பக்கம் விரலை நீட்ட என்னால் முடியவில்லை. அதை நீங்களே வந்து சொல்லுங்கள். பக்கத்தில் நான் நிற்கிறேன்.

தையில் மிருதுளாவுக்குக் காது குத்த வேண்டும். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவேன். அந்த மடி இல்லையென்றால் அவள் காது மூளியாகவே இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய தோடு பீரோவில் இருக்கிறது. எந்தக் காசில் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியை அவர்கள் எடுத்துப் போனதிலிருந்து டிவி பக்கமே நான் போவதில்லை. குழந்தைதான், தலைக்கு மேல் ஏர்போர்ட்டுக்கு விமானம் இறங்கும்போதெல்லாம் அப்பா என்று கை காட்டுகிறாள். ஏதாவது ஒன்றில் வந்து இறங்குங்கள்.

உங்கள்
சந்திரிகா